ஸ்டேஷன் பலகையிலிருந்து ஜெனீவாவுக்கு: மனித உரிமைச் சட்டத்தை எங்கே தொடங்கிச் சொல்லித்தருவது?

பன்னாட்டு மனித உரிமைச் சட்டம் எடுக்கிற எந்த ஆசிரியருக்கும் முதல் வாரத்திலேயே ஒரு கேள்வி வந்துவிடும், பெரும்பாலும் கடைசி பெஞ்சிலிருந்து. "சார், ஒரு நாடு இதை மீறினா யார் சார் போய்ப் பிடிப்பாங்க?" வகுப்பு சிரிக்கும். கேட்டவனும் சிரிப்பான். ஆனால் இந்தப் பாடத்திலேயே இதைவிடப் பெரிய கேள்வி இல்லை. நான் பாடம் எடுக்க வந்த புதிதில் "அது அஞ்சாவது யூனிட்ல வருதுப்பா, அப்போ பார்ப்போம்" என்று சொல்லி நழுவியிருக்கிறேன். அஞ்சாவது யூனிட் வருவதற்குள் செமஸ்டர் முடிந்து, பாதிப் பேர் அரியர் பேப்பர் கவலையில் இருப்பார்கள். கேள்வியைக் கேட்டவன் அதை மறந்திருப்பான், அல்லது பதில் இல்லை என்று அவனே முடிவு கட்டியிருப்பான்.

பாடத்திட்டத்தின் வரிசை அப்படி. முதல் யூனிட்டில் மாக்னா கார்ட்டா, பிரெஞ்சுப் புரட்சி. அடுத்து ஐ.நா. சாசனம், 1948ஆம் ஆண்டுப் பிரகடனம், 1966இல் வந்த இரண்டு பெரிய உடன்படிக்கைகள். அப்புறம் பெண்கள், குழந்தைகள், மாற்றுத்திறனாளிகள் என்று ஒவ்வொருவருக்கும் ஓர் உடன்பாடு. அதன்பின் ஜெனீவா: மனித உரிமைகள் கவுன்சில், கண்காணிப்புக் குழுக்கள், சிறப்பு அறிக்கையாளர்கள். கடைசியில் இடம் மிஞ்சினால் "இந்தியாவில் நடைமுறை". கல்லூரிக்குக் கல்லூரி விவரம் மாறலாம், சில இடங்களில் இது விருப்பப் பாடம், சில இடங்களில் பன்னாட்டுச் சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருக்கும். ஆனால் மேலிருந்து கீழே இறங்குகிற இந்தப் போக்கு மட்டும் மாறுவதில்லை. என் வாதம் எளிமையானது: இந்த வரிசையைத் தலைகீழாகத் திருப்பினால்தான் பாடம் புரியும். உலகத்தில் தொடங்கி ஊருக்கு வருவதைவிட, ஊரில் கையில் கிடைக்கிற ஒரு காகிதத்தில் தொடங்கி அதன் வேர் எங்கே போகிறது என்று பின்னாலேயே போய்ப் பார்க்க வேண்டும்.

அதற்காக 1948ஐ விட்டுவிடச் சொல்லவில்லை. பாரிசில் டிசம்பர் 10ஆம் தேதி 48 நாடுகள் ஆதரித்து, 8 நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கி, ஒரு நாடுகூட எதிர்க்காமல் அந்தப் பிரகடனம் நிறைவேறியது என்பதும், முதல் பிரிவில் 'எல்லா ஆண்களும்' என்று பொருள்படும்படி இருந்த வரியை மாற்றவைத்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா என்பதும் மாணவர்களுக்குத் தெரிய வேண்டியவைதான். அந்த மாற்றம் தமிழ்வரைக்கும் வந்து சேர்ந்திருக்கிறது. பிரகடனத்தின் தமிழ் வடிவம் "மனிதப் பிறவியினர் சகலரும்" என்றுதான் தொடங்கும். அந்தச் 'சகலரும்' காதில் விழுந்ததும் இதில் ஈழத்துக் கை பட்டிருக்குமோ என்று எனக்குத் தோன்றும். அது இருக்கட்டும். இதையெல்லாம் சொல்ல ஒரு வகுப்பு போதும். ஆறு வகுப்பு எடுத்தால் மாணவர் மனதில் இந்தப் பாடம் சமயச் சொற்பொழிவு வரிசையில் போய் உட்கார்ந்துகொள்ளும்.

சரி, நான் எங்கே தொடங்குகிறேன்? போலீஸ் ஸ்டேஷனில். முதல் வாரத்து வீட்டுப்பாடம் இதுதான்: உங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் இருக்கிற ஸ்டேஷனுக்குப் போங்கள், கைது செய்யும்போது பின்பற்ற வேண்டிய உச்ச நீதிமன்ற விதிமுறைகள் என்று ஒரு பலகை இருக்கிறதா பாருங்கள், இருந்தால் படித்துவிட்டு வந்து சொல்லுங்கள். போட்டோ எடுக்க வேண்டாம், வம்பு வேண்டாம், படித்தால் போதும். ஏதாவது மனு கொடுக்க வந்தது போல இரண்டிரண்டு பேராகப் போய்விட்டு வருவார்கள். ஒரு ஆண்டு ஒரு மாணவி வந்து சொன்னது இன்னும் ஞாபகம் இருக்கிறது: "பலகை இருக்கு சார். ஆறாவது பாயின்ட் வரைக்கும்தான் படிக்க முடிஞ்சுது. அதுக்குக் கீழே பீரோ நிக்குது."

மொத்தம் 11 பாயின்ட். டி.கே. பாசு வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் போட்டது. அந்த வழக்கே ஒரு கடிதத்தில் தொடங்கியது. மேற்கு வங்கத்தில் சட்ட உதவி அமைப்பு ஒன்றின் பொறுப்பிலிருந்தவர், லாக்கப் சாவுகள் பற்றிப் பத்திரிகையில் வந்த செய்திகளை இணைத்து 1986இல் தலைமை நீதிபதிக்கு எழுதிய கடிதம். கைது செய்கிற காவலர் பெயர்ப்பட்டை அணிந்திருக்க வேண்டும், கைதுக் குறிப்பு எழுதி அதில் குடும்பத்தினர் ஒருவரோ அந்தப் பகுதியின் மதிப்புள்ள ஒருவரோ சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும், உறவினருக்கோ நண்பருக்கோ தகவல் சொல்ல வேண்டும், காவலில் இருக்கும்போது 48 மணி நேரத்துக்கு ஒரு முறை மருத்துவப் பரிசோதனை. இதில் பலவும் பிறகு குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குள்ளேயே போய்விட்டது, இப்போது 2024 ஜூலையிலிருந்து நடைமுறையில் இருக்கிற புதிய சட்டத்திலும் இருக்கிறது.

பலகையைப் படித்துவிட்டு வந்தவர்களை அடுத்த வகுப்பில் மேலே ஏற்றுவது சுலபம். இந்த 11 எங்கிருந்து வந்தது? உயிரையும் தனிமனிதச் சுதந்திரத்தையும் காக்கிற அரசியலமைப்பின் 21ஆவது பிரிவிலிருந்தும், கைதானவருக்குப் பாதுகாப்புத் தருகிற 22ஆவது பிரிவிலிருந்தும். அங்கேயே நிற்கலாமே, தீர்ப்பு ஏன் குடிமை அரசியல் உரிமைகளுக்கான பன்னாட்டு உடன்படிக்கையைத் தொட்டுப் பேசுகிறது? (இனி இதை எல்லோரும் சொல்கிறபடி ஐசிசிபிஆர் என்றே சொல்கிறேன்.) இங்கேதான் பாடத்தின் சுவாரசியமான இடம் வருகிறது.

ஐசிசிபிஆர் 9(5) சொல்வது: சட்டவிரோதமாகக் கைது செய்யப்பட்டவருக்கு இழப்பீடு கேட்க உரிமை உண்டு. இந்தியா 1979 ஏப்ரலில் இந்த உடன்படிக்கையில் சேர்ந்தபோது, எங்கள் நாட்டுச் சட்டத்தில் அப்படி அரசிடம் இழப்பீடு கேட்டு வாங்கும் உரிமை கிடையாது என்று எழுதிக்கொடுத்துவிட்டுத்தான் சேர்ந்தது. அதாவது உடன்படிக்கையில் சேர்கிறோம், ஆனால் இந்தத் துண்டு எங்களைக் கட்டாது. அப்புறம் என்ன நடந்தது? ஒடிசாவில் காவலில் எடுக்கப்பட்ட 22 வயதுப் பையனின் உடல் ரயில் தண்டவாளத்தில் கிடக்கிறது. தாய் உச்ச நீதிமன்றத்துக்குக் கடிதம் எழுதுகிறார். அதையே மனுவாக எடுத்துக்கொண்டு 1993இல் நீலாவதி பெஹரா வழக்கில் ஒன்றரை லட்சம் ரூபாய் இழப்பீடு கொடுக்கச் சொல்கிறது நீதிமன்றம். சொல்லும்போது தன் முடிவுக்குத் துணையாக எதை எடுத்துக் காட்டுகிறது? எந்தத் துண்டு நம்மைக் கட்டாது என்று அரசு எழுதிக்கொடுத்ததோ அதே 9(5)ஐ! மூன்று ஆண்டு கழித்து டி.கே. பாசு தீர்ப்பு இதை வெளிப்படையாகவே சொல்லிவிட்டது: அந்த விலக்கு இப்போது பொருளிழந்துவிட்டது, ஏனென்றால் இந்த நீதிமன்றமே இழப்பீட்டு உரிமையை உருவாக்கிவிட்டது என்று.

இதைச் சொல்லி முடித்ததும் வகுப்பில் ஒரு அமைதி வரும். "யார் பிடிப்பாங்க" என்ற கேள்விக்கு முதல் பதில் கிடைத்திருக்கிறது. ஜெனீவாவிலிருந்து யாரும் வரவில்லை. ஒரு தாயின் கடிதமும், ஒரு நீதிமன்றமும், அரசு மறுத்த ஒரு வரியும் சேர்ந்து வேலை செய்திருக்கின்றன. இந்த ஒரு கதைக்குள் உடன்படிக்கையில் சேர்வது, விலக்கு எழுதிக்கொடுப்பது, உள்நாட்டு நீதிமன்றத்தின் இடம் என்று மூன்று தலைப்பு அடங்கிவிடுகிறது. பாடநூலில் மூன்றும் மூன்று அத்தியாயத்தில் கிடக்கும்.

தமிழில் சொல்லித்தருவதில் உள்ள ஒரு சிக்கலையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். அரசு சட்டக் கல்லூரிகளில் தமிழில் தேர்வு எழுதுகிறவர்கள் உண்டு, நல்ல விஷயம். ஆனால் மேலே நான் 'விலக்கு' என்று சொன்னதற்கு ஆங்கிலத்தில் 'ரிசர்வேஷன்' என்று பெயர். தமிழ்நாட்டு மாணவன் காதில் ரிசர்வேஷன் என்று விழுந்தால் எது ஓடும்? ஒரு விடைத்தாளில் "இந்தியா 9ஆவது பிரிவில் இட ஒதுக்கீடு செய்துள்ளது" என்று எழுதியிருந்தது. சிரிப்பு வந்தது, மதிப்பெண் குறைக்க மனசு வரவில்லை. தவறு அவனுடையது அல்ல, அந்தச் சொல்லை விளக்காமல் தாண்டிப்போனவன் நான்தான். கையெழுத்துப் போடுவதற்கும் ஏற்புறுதி செய்வதற்கும் உள்ள வித்தியாசத்திலும் இதே குழப்பம். அதற்கு எனக்குக் கிடைத்த வழி கல்யாணம். கையெழுத்து என்பது நிச்சயதார்த்தம், ஏற்புறுதி என்பது தாலி. நிச்சயம் ஆன பிறகு ஊரறிய வேறு மாதிரி நடந்துகொள்ளக் கூடாது, ஆனால் கட்டுப்பாடு முழுசாக வருவது தாலி கட்டின பிறகுதான். நிச்சயம் எதுவும் இல்லாமல் நேரே ரிஜிஸ்டர் ஆபீஸ் போனால் அது 'அக்சஷன்', ஐசிசிபிஆரில் இந்தியா செய்தது அதுதான். சித்திரவதைக்கு எதிரான உடன்பாட்டில் இந்தியா 1997 அக்டோபரில் கையெழுத்துப் போட்டது. ஏற்புறுதி செய்யவில்லை. 2010இல் மக்களவை ஒரு சட்ட மசோதாவை நிறைவேற்றியது, அது சட்டமாகாமலே காலாவதியானது. சாத்தான்குளத்தில் 2020இல் தந்தையும் மகனும் காவலில் அடிபட்டு இறந்தபோது வகுப்பு ஆன்லைனில் நடந்துகொண்டிருந்தது. அன்றைக்கு இந்த நிச்சயதார்த்த உவமையை என்னால் சொல்ல முடியவில்லை, தேதிகளை மட்டும் சொன்னேன்.

இனி அடிப்படைக் கோட்பாடு. இந்தியாவில் அரசு கையெழுத்திட்ட உடன்படிக்கை தானாகவே நாட்டுச் சட்டம் ஆகிவிடாது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும், அதற்கான அதிகாரம் அரசியலமைப்பின் 253ஆவது பிரிவில் இருக்கிறது. 51(சி) பன்னாட்டுச் சட்டத்தையும் உடன்படிக்கைக் கடமைகளையும் மதிக்கச் சொல்கிறது, ஆனால் அது வழிகாட்டு நெறி, அதை வைத்து வழக்குப் போட முடியாது. இதை இருமைக் கோட்பாடு என்று பாடநூல் சொல்லும். மாணவர்கள் இதைப் படித்துவிட்டு, "அப்போ உள்ளே வராது" என்று முடித்துவிடுகிறார்கள். வாசல் வழியாக வராது, சரி. ஜன்னல் எத்தனை திறந்திருக்கிறது என்பதுதான் பாடம்.

முதல் ஜன்னல், சட்டத்துக்குப் பொருள் சொல்வது. ஒரு சட்டப்பிரிவுக்கு இரண்டு பொருள் கொள்ள முடியுமென்றால் பன்னாட்டுக் கடமையோடு ஒத்துப்போகிற பொருளை எடு. நெருக்கடி நிலைக் காலத்தில், காவலில் வைக்கப்பட்டவர் விடுதலை கேட்டு நீதிமன்றம் போக முடியுமா என்று எழுந்த 1976 ஏப்ரல் ஜபல்பூர் வழக்கில் நீதிபதி எச்.ஆர். கன்னா ஒருவராக நின்று எழுதிய மாறுபட்ட தீர்ப்பில் இந்த வாதம் இருக்கிறது. அன்றைக்கு அவர் தோற்ற பக்கம். 1980இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் நீதிபதி கிருஷ்ணய்யர் இதையே எடுத்து ஜெயித்த பக்கமாக்கினார். வங்கிக் கடனைக் கட்டவில்லை என்பதற்காகச் சிவில் சிறைக்கு அனுப்பலாமா என்பது கேள்வி. ஒப்பந்தக் கடனைக் கட்ட முடியவில்லை என்பதற்காக மட்டும் யாரையும் சிறையில் போடக் கூடாது என்கிறது ஐசிசிபிஆரின் 11ஆவது பிரிவு. அதை நேரடியாகச் செயல்படுத்த முடியாது, நாட்டுச் சட்டம்தான் கட்டும் என்று ஒத்துக்கொண்டே, அந்த நாட்டுச் சட்டத்தை அவர் எப்படி வாசிக்கிறார் பாருங்கள்: கையில் இருந்தும் கொடுக்காமல் ஏமாற்றுகிறவனுக்குத்தான் சிறை, இல்லாதவனுக்கு இல்லை. வட்டிக்கடன், குழுக்கடன் என்று வீட்டுக்கு ஆள் வந்து நிற்பதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் வகுப்பில் நிறைய. இந்த வழக்கை அவர்களுக்கு விளக்கவே வேண்டியதில்லை.

இரண்டாவது ஜன்னல், சட்டமே இல்லாத வெற்றிடத்தை நிரப்புவது. ராஜஸ்தானில் அரசுத் திட்டம் ஒன்றில் ஊர்ப்பணியாளராக இருந்த பெண், குழந்தைத் திருமணத்தைத் தடுக்கப் போனதற்காக 1992இல் கூட்டு வன்கொடுமைக்கு ஆளானார். அதிலிருந்து எழுந்தது விசாகா வழக்கு. வேலையிடப் பாலியல் தொல்லைக்கு அப்போது நாட்டில் தனிச் சட்டம் கிடையாது. பெண்களுக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் உடன்பாட்டை இந்தியா 1993இல் ஏற்புறுதி செய்திருந்தது. அடிப்படை உரிமைகளோடு முரண்படாத உடன்பாட்டை அந்த உரிமைகளுக்குள் சேர்த்தே வாசிக்கலாம் என்று சொல்லி 1997 ஆகஸ்டில் நீதிமன்றமே விதிமுறைகளைப் போட்டது. நாடாளுமன்றம் சட்டம் இயற்ற 2013 ஆனது. 16 ஆண்டுகள் இந்த நாட்டு அலுவலகங்களில் நடைமுறையில் இருந்தது ஒரு உடன்பாட்டைத் துணைகொண்டு எழுதப்பட்ட தீர்ப்பு. உங்கள் கல்லூரி நோட்டீஸ் போர்டிலேயே உள்ளகப் புகார்க் குழு என்று ஒரு பட்டியல் ஒட்டியிருக்கும், அதன் பூர்வீகம் இது.

ஆனால் இந்தக் கதைகளை மட்டும் அடுக்கினால் அது ஒரு பக்கப் பாடம். நீதிமன்றங்கள் உடன்படிக்கைகளைத் தங்களுக்குத் தோதான இடத்தில் மட்டும் எடுத்துக்கொள்கின்றன என்ற சந்தேகம் மாணவருக்கு வர வேண்டும். நான் இரண்டு வழக்கைப் பக்கத்தில் பக்கத்தில் வைப்பேன். திருநர் உரிமை பற்றிய 2014 நால்சா தீர்ப்பில் யோக்யகர்த்தா கோட்பாடுகளை நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. அது உடன்படிக்கையே அல்ல, 2006இல் இந்தோனேசியாவில் நிபுணர்கள் கூடி எழுதிய ஆவணம், எந்த நாடும் அதில் கையெழுத்துப் போட்டதில்லை. 2021 ஏப்ரலில் ரோஹிங்கியாக்களை மியான்மருக்குத் திருப்பி அனுப்பக் கூடாது என்று கேட்ட மனுவில், 1951 அகதிகள் உடன்பாட்டில் இந்தியா சேரவில்லை என்பது பெரிய விஷயமாகிவிட்டது. அரசியலமைப்பின் 14உம் (சமத்துவம்) 21உம் எல்லா மனிதருக்கும் உண்டு, ஆனால் நாடு கடத்தப்படாமல் இருக்கும் உரிமை, நாட்டில் எங்கும் வசிக்கலாம் என்று குடிமக்களுக்குச் சொல்கிற 19(1)(இ)யைச் சார்ந்தது என்று சொல்லி இடைக்கால உத்தரவு மறுக்கப்பட்டது, சட்ட நடைமுறையைப் பின்பற்றித்தான் அனுப்ப வேண்டும் என்ற நிபந்தனையோடு. ஆக, யாருமே கையெழுத்துப் போடாத தாள் ஒன்று உள்ளே வந்துவிடுகிறது, நாம் கையெழுத்துப் போடவில்லை என்பதற்காக இன்னொன்று வாசலிலேயே நின்றுவிடுகிறது. அப்படியென்றால் எது உள்ளே வரும் என்பதைத் தீர்மானிப்பது கையெழுத்து மட்டும் இல்லை. என் கணிப்பு, மனுதாரர் யார் என்பதும், எல்லை, பாதுகாப்பு என்ற சொற்கள் கோப்பில் இருக்கின்றனவா என்பதும் அதில் பாதி. மாணவர்கள் இதை மறுத்து வாதாடலாம், வாதாட வேண்டும். 1980களிலிருந்து இலங்கைத் தமிழர்கள் முகாம்களில் வாழ்கிற மாநிலத்தில் இந்த விவாதம் யாருக்கும் ஏட்டுச்சுரைக்காயாக இருக்காது.

1993ஆம் ஆண்டு மனித உரிமைகள் பாதுகாப்புச் சட்டத்துக்கு நான் ஒரே ஒரு சொல்லைத்தான் எடுத்துக்கொள்கிறேன். பிரிவு 2(1)(டி), மனித உரிமை என்றால் என்ன என்று வரையறுக்கிறது: உயிர், சுதந்திரம், சமத்துவம், மாண்பு சம்பந்தப்பட்ட உரிமைகள், அரசியலமைப்பு உறுதியளித்தவை அல்லது பன்னாட்டு உடன்படிக்கைகளில் அடங்கியவை, மற்றும் இந்திய நீதிமன்றங்களால் செயல்படுத்தத் தக்கவை. அந்த 'மற்றும்' எதோடு சேரும்? உடன்படிக்கை உரிமைகளோடு மட்டுமா, இரண்டோடுமா? சேர்ந்தால், நீதிமன்றம் ஏற்கெனவே செயல்படுத்துகிற உரிமைதானே மனித உரிமை என்றாகிறது, அப்புறம் உடன்படிக்கைகள் என்ற சொல்லுக்கு அங்கே என்ன வேலை? ஒரு முழு வகுப்பு இந்த ஒரு சொல்லில் போகும். இதே சட்டத்தின் கீழ் அமைந்த மாநில மனித உரிமை ஆணையத்தின் பரிந்துரை வெறும் பரிந்துரையா, கட்டளையா என்று பல ஆண்டுகள் இழுத்த கேள்விக்கு, அது அரசைக் கட்டும் என்று சென்னை உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வு 2021இல் சொன்னதையும் அடுத்து வாசிக்கச் சொல்வேன். சட்டத்தில் சொல் எவ்வளவு கனமானது என்று அன்றைக்குத்தான் சிலருக்கு உறைக்கும்.

இனி இலங்கைக்குப் போகிறேன். இந்தியாவுக்குள்ளேயே நின்றால் பாதிப் பாடம்தான் தெரியும். தனிமனிதர் ஒருவர் தன் அரசுமீது ஐ.நா. மனித உரிமைக் குழுவிடம் முறையிட வழி செய்வது ஐசிசிபிஆரின் முதல் விருப்ப நெறிமுறை. இந்தியா அதில் சேரவில்லை. இலங்கை 1997இல் சேர்ந்தது. அதனால்தான் சிங்கராசா வழக்கு இருக்கிறது, நம்மிடம் அப்படி ஒன்று இல்லை.

1993இல் மட்டக்களப்புப் பகுதியில் பயங்கரவாதத் தடைச் சட்டத்தின் கீழ் கைதான ஒரு தமிழர்தான் சிங்கராசா. அவருக்குத் தமிழ் மட்டும்தான் தெரியும். அவர் கொடுத்ததாகச் சொல்லப்பட்ட ஒப்புதல் வாக்குமூலம் சிங்களத்தில் தட்டச்சாகியிருந்தது, மொழிபெயர்த்தவர் ஒரு போலீஸ் கான்ஸ்டபிள், கீழே இருந்தது கைநாட்டு. வழக்கின் ஆதாரமே அந்தத் தாள்தான். அது மிரட்டி வாங்கப்பட்டது என்றால் அதை நிரூபிக்கும் சுமை அவர் தலையில், சட்டம் அப்படி. 1995இல் 50 ஆண்டுச் சிறை, மேல்முறையீட்டில் 35 ஆகக் குறைந்தது. 2004இல் ஐ.நா. குழு அவருடைய முறையீட்டை ஏற்றது: வெளி மொழிபெயர்ப்பாளர் இல்லாமல் வாக்குமூலம் வாங்கியதும், நிரூபிக்கும் சுமையை அவர்மேல் போட்டதும் நியாயமான விசாரணைக்கான உரிமைக்கு எதிரானவை, விடுதலையோ மறுவிசாரணையோ வேண்டும், இழப்பீடும் வேண்டும். அதை எடுத்துக்கொண்டு அவர் கொழும்பு உச்ச நீதிமன்றத்துக்குத் திரும்பப் போகிறார். 2006 செப்டம்பரில் நீதிமன்றம் சொன்ன பதில்தான் ஆச்சரியம். விருப்ப நெறிமுறையில் ஜனாதிபதி சேர்ந்ததே அரசியலமைப்புக்கு விரோதம், மக்களின் நீதி அதிகாரத்தை வெளியே ஒரு குழுவுக்குக் கொடுக்க அவருக்கு அதிகாரம் இல்லை. மனு தள்ளுபடி.

மாணவர்களை இரண்டு அணியாகப் பிரித்து இந்தத் தீர்ப்பை வாதாட விடுவேன். தமிழ்ப் பிள்ளைகள் எல்லோரும் ஒரே பக்கம் நிற்பார்கள் என்று நினைத்தால் தவறு. ஆட்சியதிகாரப் பிரிவினை, நாடாளுமன்றம் கேட்காமல் அரசுத் தலைவர் கையெழுத்துப் போடலாமா என்று அந்தத் தீர்ப்புக்காகவும் நன்றாக வாதாடுகிற பிள்ளைகள் உண்டு. வாதாடி முடித்துவிட்டு "ஆனா அந்த ஆளு உள்ளேயேதானே இருந்தாரு சார்" என்பார்கள். வாதம் முடிந்ததும் நான் கவனிக்கச் சொல்வது அந்தத் தாளை. பேசினது ஒரு மொழி, தாளில் இருப்பது வேறு மொழி, நடுவில் ஒரு கான்ஸ்டபிள், அடியில் ஒரு பெருவிரல் ரேகை. நியாயமான விசாரணை பற்றிய ஐசிசிபிஆரின் 14ஆவது பிரிவை ஒப்பிக்கச் சொன்னால் பத்துப் பேர் தடுமாறுவார்கள். இந்தத் தாளைக் காட்டி இதில் எத்தனை தப்பு இருக்கிறது என்று கேட்டால் அந்தப் பிரிவின் பாதியை அவர்களே எழுதிவிடுகிறார்கள்.

கதை அங்கே முடியவில்லை. இலங்கை 2007இல் ஐசிசிபிஆர் சட்டம் என்றே பெயர் வைத்து ஒரு சட்டம் கொண்டுவந்தது. உடன்படிக்கையின் ஒருசில உரிமைகள்தான் அதற்குள் வந்தன. 3ஆவது பிரிவு, பகைமையைத் தூண்டுகிற பேச்சைக் குற்றமாக்கியது. உடன்படிக்கையின் 20ஆவது பிரிவிலிருந்து வந்தது அது, சிறுபான்மையினரைக் காக்க வேண்டிய பிரிவு. நடந்தது என்ன? 2019 ஏப்ரலில் ஒரு சிங்கள எழுத்தாளர் தான் எழுதிய சிறுகதைக்காக அதன் கீழ் கைதாகி மாதக்கணக்கில் விளக்கமறியலில் (நாம் ரிமாண்ட் என்கிறோமே, அது) இருந்தார். அடுத்த மாதமே ஒரு முஸ்லிம் பெண், போட்டிருந்த உடையில் இருந்த சக்கரப் படத்துக்காகக் கைதானார். தர்மச்சக்கரம் என்றது போலீஸ், அது கப்பல் சுக்கான் சக்கரம். ஐசிசிபிஆர் என்றால் அங்கே பலருக்கு இப்போது ஆளைப் பிடித்து உள்ளே போடுகிற சட்டத்தின் பெயர். மனித உரிமை உடன்படிக்கையை நாட்டுச் சட்டமாக்கிவிட்டால் பிரச்சினை தீர்ந்தது என்று நினைக்கிற மாணவர்களுக்கு (நானும் ஒரு காலத்தில் அப்படித்தான் நினைத்தேன்) இது கட்டாயம் தெரிய வேண்டும்.

ஜெனீவாவுக்கு இந்தப் பாடத்தில் இடமே இல்லையா என்று கேட்கலாம். உண்டு, ஆனால் படம் வரைந்து அம்புக்குறி போடுவதற்கு இல்லை. ஐசிசிபிஆரில் சேர்ந்த நாடுகள் அவ்வப்போது அறிக்கை கொடுக்க வேண்டும், சிங்கராசா முறையிட்ட அதே மனித உரிமைக் குழு, 18 நிபுணர்கள் கொண்டது, அதை ஆராய்ந்து கேள்வி கேட்கும். இந்தியாவை அந்தக் குழு 1997 ஜூலையில் ஆராய்ந்தது. அடுத்த முறை ஆராய்ந்தது 2024 ஜூலையில். நடுவே 27 ஆண்டுகள். என் மாணவர்கள் யாரும் 1997இல் பிறந்திருக்கவில்லை. 2024இல் குழு எழுதிய முடிவுரையை, மணிப்பூரும் ஆயுதப்படைச் சிறப்பு அதிகாரச் சட்டமும் ஊபா என்கிற சட்டவிரோத நடவடிக்கைகள் தடுப்புச் சட்டமும் அதில் வருகின்றன, ஆளுக்கு இரண்டு பத்தி கொடுத்து மூன்று கேள்வி கேட்பேன். இது யார் சொன்ன தகவல்? இதற்கு அரசு என்ன பதில் சொன்னது? இதை நாளைக்கு மதுரையிலோ சேலத்திலோ ஒரு வழக்கறிஞர் எந்த மனுவில் வைக்க முடியும்? முதல் கேள்விக்குப் பதில் தேடும்போதுதான், அரசு அறிக்கைக்குப் போட்டியாக அமைப்புகள் நிழல் அறிக்கை கொடுக்கின்றன என்பதும், ஊரில் யாரோ ஒருவர் எழுதிவைத்த குறிப்பு நகர்ந்து நகர்ந்து அங்கே போய்ச் சேர்கிறது என்பதும் தெரியவரும். மூன்றாவது கேள்விதான் கஷ்டம், அதற்குத்தான் அதிக மதிப்பெண்.

இந்த முறைக்கு விலை இல்லாமல் இல்லை. ஒரு வழக்கைப் பின்தொடர்ந்தே போனால் விட்டுப்போவது நிறைய. பொருளாதார, சமூக உரிமைகள் எப்போதும் பின்னுக்குத் தள்ளப்படுகின்றன, என் பாடத்திலும் அதே கதி. ஐரோப்பிய, அமெரிக்க, ஆப்பிரிக்க மண்டல நீதிமன்றங்களுக்கு ஒரு வகுப்புக்கு மேல் கிடைப்பதில்லை, ஆசியாவுக்கு அப்படி ஒன்று இல்லை என்ற வரி மட்டும் எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். இன்னொரு ஆபத்து, சித்திரவதை, காவல் சாவு என்றே வாரக்கணக்கில் பேசினால் சில பிள்ளைகள் சுருங்கிப்போவார்கள். வீட்டில் அப்படி ஒன்று நடந்த பிள்ளை வகுப்பில் உட்கார்ந்திருக்கலாம், நமக்குத் தெரியாது. அதனால் என்ன படிக்கப்போகிறோம் என்று முந்தைய வகுப்பிலேயே சொல்லிவிடுகிறேன், அன்றைக்கு வராதவரிடம் காரணம் கேட்பதில்லை.

அப்புறம் தேர்வு. பல்கலைக்கழக வினாத்தாள் நான் எடுக்கிற வரிசையில் வராது. "மனித உரிமைகளின் வரலாற்று வளர்ச்சியை விவரிக்க" என்று வரும், பெரிய மதிப்பெண்ணுக்கு வரும். "1948 பிரகடனத்தின் முக்கியத்துவம் யாது" என்று வரும். அதற்குத் தயார் செய்யாமல் பிள்ளைகளை அனுப்புவது நியாயமில்லை. ஆகவே கடைசி இரண்டு வாரம் நானும் மற்றவர்களைப் போலவே மாக்னா கார்ட்டாவில் தொடங்கி, தேதி, எண், குழுவின் பெயர் என்று போர்டில் எழுதிப்போட்டு எழுதிக்கொள்ளச் சொல்கிறேன். ஒரே வித்தியாசம், 9(5) என்று எழுதும்போது நான் ஒன்றும் சொல்வதற்கு முன்பே ஒடிசா என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பலகைக்கு அனுப்பிய வீட்டுப்பாடத்தை இந்த ஆண்டும் கொடுத்திருக்கிறேன். பீரோ இருந்த அந்த ஸ்டேஷன் இருக்கிற ஊரிலிருந்து இந்த வகுப்பில் இரண்டு பேர் வருகிறார்கள், அடுத்த திங்கள்கிழமை சொல்வார்கள்.